புளியங்கொட்டை விழுந்த இடம்

ஓணானைப் பார்த்து நடப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குப் பட்டமும் கொடுக்கிறார்கள் என்பதை மணல்மேட்டுக் காலனியில் முதலில் ஒருவரும் நம்பவில்லை.

காலனி, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், ரசாயனக் கம்பெனிகளின் மதில்கள் முடிகிற இடத்தில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்த இரண்டு மைலுக்கும் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொள்வார்கள். தாண்டியதும் மடித்துப் பையில் வைப்பார்கள். மூக்கை மூடாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கே இறங்க வேண்டியவர்கள் என்று கண்டக்டருக்குத் தெரியும். அந்தோணிசாமியின் மகள் ஜெயராணி அப்படி மூக்கை மூடாமல்தான் தினமும் சிதம்பரம் போய் வந்தாள். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று பெயர்த்துப் போட்டிருந்த வருஷங்கள் அவை. அவள் விலங்கியலில் எம்.ஃபில். சேர்ந்தது 2008-இல், 2009 தை பிறந்ததும் ஓணான் வேலை தொடங்கிவிட்டது.

காலனிக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு, அதற்கும் பின்னால் மணல்மேடு. தொண்டையில் நீல விசிறி விரிக்கிற சின்ன ஓணான்கள் அங்கே நிறைய. காலை ஏழரைக்கு வெயில் ஏறியதும் அவள் மேட்டில் ஏறுவாள். ஓர் ஓணானைக் கண்ணில் குறித்துக்கொண்டு, நேராக, ஒரே வேகத்தில், கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவளைப் போல நடப்பாள். கையில் புளியங்கொட்டைகள். ஓணான் ஓடிய அந்த நொடியில் தன் காலடியில் ஒன்றைப் போடுவாள். ஓணான் இருந்த இடத்துக்குப் போய் இன்னொன்று. பிறகு இரண்டு கொட்டைக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்து நோட்டில் எழுதுவாள். அவ்வளவுதான் வேலை. இதைப் பார்த்துவிட்டு வந்து மொத்தத் தெருவும் வாயில் கை வைத்துச் சிரித்தது.

அவளுடைய அம்மா செல்லாயி சிரிக்கவில்லை. "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்குனு குத்துது கொடையுதுன்னானாம். அதுக்கா உங்கப்பன் மூச்சப் புடிச்சிக்கினு ஒழைக்கிறாரு?" என்றாள்.

"ஓணான் எப்ப ஓடணும்னு எப்டிம்மா முடிவு பண்ணுது? அதான் படிப்பு" என்றாள் ஜெயராணி.

"ஆளப் பாத்தா ஓடும். இதுக்கு ஒரு வாத்தியாரு வேற."

அந்த வாத்தியார் ஞானசேகரன், அவளுடைய கைடு. ஆள் பார்த்ததும் ஓணான் ஓடாது என்பதைத்தான் அவர் முதல் நாளே சொன்னார். "ஓடறதுக்கும் ஒரு நஷ்டம் இருக்கும்மா. வெயில் போச்சு, வாய்க்கு வந்த எறும்பு போச்சு, எடத்த இன்னொரு ஓணான் புடிச்சிக்கும். ஓடலன்னா உயிர் போச்சு. ரெண்டுக்கும் நடுவுல அது ஒரு கோடு போட்டு வச்சிருக்கு. அந்தக் கோடு எங்க இருக்குன்னு அளந்துட்டு வா."

அளந்தாள். வளைக்குப் பக்கத்தில் இருக்கிற ஓணான் தைரியமாக இருந்தது. ஆளை மிக அருகே விட்டது. வாயில் இரையோடு இருந்தது அதைவிட அருகே விட்டது. கண்ணோடு கண் பார்த்து நடந்தால் சீக்கிரம் ஓடியது, எங்கோ பார்த்தபடி நடந்தால் நின்றது. எல்லாவற்றையும்விட ஒன்று அவளை ஆச்சரியப்படுத்தியது. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஆள் நடமாட்டமில்லாத சவுக்குத்தோப்பில் பதினைந்து அடியிலேயே பிய்த்துக்கொண்டு ஓடிய அதே ஜாதி ஓணான், மணல்மேட்டில் மூன்றடி வரைக்கும் அவளை விட்டது. மேட்டின் குறுக்கேதான் ஷிப்ட் ஆட்கள் காலையும் மாலையும் கம்பெனிக்கு நடப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஓடிக்கொண்டிருந்தால் அது என்றைக்குத் தின்பது? பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பழகினால் பயமும் அப்படித்தான், புளித்துப்போய்விடும்.

அந்தோணிசாமிக்கு மகளின் நோட்டில் அலாதிப் பிரியம். படிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மருந்துச் சரக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். கழிவுத் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டால் இறங்கி எடுப்பது அவருடைய வேலை. கூட இரண்டு பேர். அவருடைய அக்கா மகன் அன்பரசு. இன்னொருவன் பக்கத்துத் தெரு சார்லஸ், கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவன்.

காலனியில் எந்தக் குழந்தைக்கும் நாற்றங்களின் பெயர் தெரியும். பாகற்காய் நாற்றம், நகப்பாலிஷ் நாற்றம், செத்த எலி, கூமுட்டை. இதில் கூமுட்டைதான் பொல்லாதது. ஆரம்ப வருஷங்களில் கூமுட்டை வாடை அடித்தால் போதும், தொட்டியில் இருக்கிறவர்கள் போட்டது போட்டபடி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடி வந்துவிடுவார்கள். பிறகு ஒரு சட்டம் வந்தது. சைரன் அடித்தால்தான் வெளியே போகலாம். அடிக்காமல் ஓடி வந்தால் செக்யூரிட்டி கேட்டில் பாஸை வாங்கி வைத்துக்கொள்வான். பத்து நாள் கழித்து வா என்பான். பத்து நாளுக்குள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வேறு மூன்று பேர் வந்து அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். சைரனோ அடிக்காது. அடித்தால் ஏன் அடித்தது என்று கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்தச் சட்டம் எந்தக் காகிதத்திலும் கிடையாது. மேஸ்திரி தில்லைநாதன் வாயால் சொன்னது, அவருக்கு மேலே இருக்கிறவர் அவரிடம் வாயால் சொன்னது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மூன்று பேரும் அந்தோணிசாமி வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்தின வாரம்தான் அன்பரசு அவசரப்பட்டு ஓடிப் பாஸைப் பறிகொடுத்து, மேஸ்திரி காலைப் பிடித்துத் திரும்ப வாங்கியிருந்தான்.

"ஓணானுக்கெல்லாம் கோடு போடற. எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடு பாப்பா" என்றார் அந்தோணிசாமி. "எதுவரிக்கும் நிக்கலாம், எப்ப கெளம்பணும். சும்மா சும்மா ஓடி பாஸும் போவக்கூடாது, நின்னு உசுரும் போவக்கூடாது."

விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் விளையாட்டாகத்தான் பேப்பரை எடுத்தாள். ஆனால் எழுத உட்கார்ந்ததும் மூன்று பேருக்கும் முகம் மாறிவிட்டது. அவர்கள் உடம்பு அறிந்ததை இதற்கு முன் யாரும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. ஒருவர் சொல்ல இன்னொருவர் மறுக்க, எந்த வாடைக்கு முதலில் கண் எரியும், எதற்குத் தொண்டை கரகரக்கும், எதற்குத் தலை சுற்றும் என்று ஒரு மணி நேரம் சொன்னார்கள். அவள் வரிசைப்படுத்தி, பெரிய எழுத்தில் எழுதினாள். தலைப்பில், "சைரன் அடிக்காமல் கேட்டைத் தாண்டினால் பாஸ் போகும் என்பதால்" என்று போட்டாள். அப்புறம் வரி வரியாக: பாகற்காய் என்றால் வேலையைப் பார்க்கலாம். கூமுட்டை லேசாக அடித்தால் தொட்டியை விட்டு மேலே வரவும். கண் எரிந்தால் கேட்டுக்கு உள்ளேயே இருக்கிற வேப்பமரம் வரை போகவும். தலை சுற்றினால் பாஸ் போனாலும் போகட்டும், ரோட்டுக்கு ஓடவும். ஒன்பது வரி வந்தது.

பேப்பரின் அடியில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது.

"ஓடறதுக்குச் சொல்லிட்ட ராணி. எப்ப திரும்பி வர்றது?" என்றான் அன்பரசு. "வேப்பமரத்துல எவ்ளோ நேரம் நிக்கறதுன்னு மேஸ்திரியோட தெனம் சண்ட."

அவள் பேனாவை எடுத்த வேகத்தில் எழுதினாள்: "நாற்றம் சுத்தமாக நின்றதும் திரும்பலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? விளையாட்டுக்கு மூன்று பேரையும் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி, தேதியும் போட்டாள். அந்தோணிசாமி பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். மறுநாளே சார்லஸ் அதை லேமினேட் பண்ணித் தொட்டி ஷெட்டில் ஆணி அடித்து மாட்டிவிட்டான். மாட்டிய பிறகு ஒருவர் பாஸும் போகவில்லை. மேஸ்திரிக்கே நிம்மதி. செல்லாயி தண்ணிக் குழாயடியில் நின்று, "எம் பொண்ணு எழுதுன பேப்பரு கம்பெனியில தொங்குது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓணான் படிப்புக்கு அன்றைக்குத்தான் வீட்டில் மரியாதை வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஞானசேகரன் அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானூத்திப் பன்னெண்டு அளவு. நல்லாயிருக்கு. ஆனா பாதிதாம்மா இருக்கு. ஓடிப்போய் ஒளிஞ்சது எப்ப வெளிய வருது? அதுவும் முடிவுதான. ஜாஸ்தி நேரம் ஒளிஞ்சா பட்டினி, சீக்கிரம் வந்தா சாவு. அத ஏன் அளக்கல?"

"அது எப்டி சார் அளக்கறது?"

"அதுக்கு நீ ஒண்ணும் செய்யக் கூடாது. அசையாம உக்காந்திருக்கணும். அதுவா வரணும்."

நடப்பது சுலபம், உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். மறுநாள் மேட்டில் ஓர் ஓணானை வளைக்குள் ஓடவிட்டுப் பத்தடி தள்ளிக் குந்தினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்பது விநாடியில் ஓணான் தலையை நீட்டியது. மேட்டில் ஒரு சத்தமில்லை, ஓர் அசைவில்லை. ஆபத்து போய்விட்டது என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். முழு உடம்பும் வெளியே வந்தபோது, பக்கத்துத் தாழம்புதரில் கல்லாக உட்கார்ந்திருந்த செம்போத்து ஒன்று ஒரே எட்டில் வந்து கவ்விக்கொண்டு போனது. அவள் இருந்ததால் செம்போத்தும் புதருக்குள் சத்தமில்லாமல் இருந்தது. சத்தமில்லாததால் வெளியே வந்தது ஓணான்.

நோட்டில் எழுதினாள்: "வெளியே வந்தது 40 விநாடி. இறந்தது. கணக்கில் சேர்க்கவில்லை."

அப்போதே அந்தப் பத்தாவது வரி அவள் மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஓணான் ஓணானாக இருந்தது, அப்பா அப்பாவாக இருந்தார்.

தவக்காலத்தின் நான்காம் வெள்ளி. செல்லாயி மதியம் சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெயராணி சிதம்பரத்தில் கைடு அறையில் இருந்தாள். நாலே காலுக்கு மேஸ்திரி தில்லைநாதன் போன் பண்ணினார். "ஒடனே கெளம்பி கடலூர் ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்றார். எதற்கு என்று கேட்டாள். அவர் அழுகிற சத்தம்தான் வந்தது.

பஸ் கம்பெனி மதில்களை நெருங்கியதும் எல்லோரும் பழக்கத்தில் கர்ச்சீப்பை எடுத்தார்கள். அவள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒரு நாற்றமும் இல்லை. கம்பெனி வாசலில் ஜனம் நின்றிருந்தது. பஸ் நிற்காமல் போனது.

ஆஸ்பத்திரியில் அந்தோணிசாமியையும் சார்லஸையும் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். அவர்கள் மேல் ஒரு காயமும் இல்லை. சட்டைப் பையில் பாஸ் பத்திரமாக இருந்தது. சார்லஸின் மனைவி மாலதி தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். அன்பரசு உள்ளே வார்டில் மூக்கில் குழாயோடு கிடந்தான். ஜெயராணி அருகில் போய் நின்றதும், கண்ணைத் திறந்து, முதலில் சுற்றும் முற்றும் பார்த்தான். யாருமில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினான்.

"கூமுட்டை பலமா வந்துச்சி ராணி. கண்ணு எரிஞ்சிது. பேப்பர்ல இருக்கறமாரிதான் மூணு பேரும் வேப்பமரத்துக்கு வந்துட்டோம். கால் மணி நேரம் நின்னோம். மேஸ்திரிகூட திரும்ப வரச் சொல்லல. சார்லஸு, நான் போயி மோந்து பாத்துட்டு வர்றேன்னு தொட்டி ஓரத்துக்குப் போனான். போனதும், இருக்குது இருக்குதுன்னான். அப்புறம் திரும்பிப் பாத்து, மாமா நின்னு போச்சி, சுத்தமா நின்னு போச்சின்னு கைய ஆட்டுனான். சிரிச்சான் ராணி. மாமா பேப்பரத் தொட்டுட்டு, பாப்பா கணக்கு சரியாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டு எறங்குனாரு. மூணாவது படியில கைய வுட்டுட்டாரு. சார்லஸு குதிச்சான். நான் ஓரத்துலதான் வுழுந்தேன். மேஸ்திரி சட்டையப் புடிச்சி இழுத்துட்டாரு."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான்.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். அவள் விலங்கியல் படிக்கிறாள் என்று தெரிந்ததும் நின்று விளக்கினார். "அந்த வாயு கொஞ்சமா இருந்தா மூக்கு சொல்லும். ஜாஸ்தியாச்சின்னா மொதல்ல மூக்கத்தான் சாகடிக்கும். நாத்தம் திடீர்னு நின்னா வாயு போயிடுச்சின்னு அர்த்தமில்லம்மா. மூக்கு போயிடுச்சின்னு அர்த்தம். கம்பெனியில இதெல்லாம் சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு நாள், இங்கிலீஷில், திரையில் படம் போட்டு. வந்திருந்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிஸ்கட் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து மூன்று நாள் ஜெயராணி பேசவில்லை. துக்கத்தில் அப்படி இருக்கிறாள் என்று ஊர் நினைத்தது. துக்கம் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். அவளால் அழ முடியவில்லை. செல்லாயி கம்பெனிக்காரன் குலமே நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றும்போதெல்லாம் அவளுக்குத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளத்தான் தோன்றியது. மாலதி தினமும் வந்து அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்தத் தலையின் பாரத்தை அவளால் தாங்கவே முடியவில்லை.

நான்காம் நாள் மேஸ்திரி தில்லைநாதன் வந்தார். வாசலிலேயே நின்று, மடித்த செய்தித்தாளுக்குள்ளிருந்து அந்த லேமினேட் பேப்பரை எடுத்துக் கொடுத்தார். ஆணி அடித்த மூலையில் கிழிந்திருந்தது.

"யாரு கண்ணுலயும் படறதுக்கு முன்ன எடுத்துட்டு வந்துட்டேம்மா. அவுங்க பாத்தா பழிய ஒன் தலையில போட்டுடுவாங்க. கொளுத்திப்புடு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்பரசை இழுத்துப் போட்ட கை அது. ஆனால் அவள் தலைப்பைப் படித்தாள். பாஸ் போகும் என்ற சட்டம் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் உலகத்திலேயே இந்தக் காகிதம்தான். தேதியோடு, இரண்டு கையெழுத்தோடு, அப்பாவின் பெருவிரல் ரேகையோடு. இதைக் கொளுத்தினால் அவள் தப்புவாள். கம்பெனியும் தப்பும்.

"கோட்டாட்சியர் விசாரணையில நீங்க அந்தச் சட்டத்தச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

தில்லைநாதன் செருப்பைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதும்மா" என்றார்.

விசாரணை சித்திரையில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடந்தது. அதுவரைக்கும் அந்தப் பேப்பர் நோட்டுக்குள்தான் கிடந்தது. அவள் கொளுத்தவுமில்லை, காட்டவுமில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அம்மா அருகில் வருவாள். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

ஹாலில் ஒரே புழுக்கம். செல்லாயி, மாலதி, அன்பரசு, காலனி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் பின்வரிசையில். மாலதி ஜெயராணியின் கையை இறுகப் பிடித்திருந்தாள். முன்னால் கம்பெனியின் அதிகாரி நல்ல தமிழில் பேசினார். தொழிலாளர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம்; பாஸைப் பிடுங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை; அப்படி ஒரு உத்தரவு இருந்தால் காட்டட்டும். அன்பரசு எழுந்து சத்தம் போட்டான். கோட்டாட்சியர் மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி, "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

"எழுத்துல ஏதாச்சும் இருக்குதா?" என்றார் கோட்டாட்சியர், பின்வரிசையைப் பார்த்து.

இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஜெயராணி எழுந்தாள். மேஜை வரைக்கும் நடந்துபோய்ப் பேப்பரை வைத்தாள். "நான் எழுதினது. சாவுக்கு ஒரு மாசம் முந்தி. எங்கப்பா ரேகை இருக்குது" என்றாள்.

அதைக் கையில் எடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தாள். தலைப்பைப் படித்தபோது கம்பெனி அதிகாரி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். ஹாலில் சலசலப்பு. ஒன்பது வரியும் படித்து நிறுத்தினாள். நிறுத்தியிருக்கலாம். பேப்பர் அவர் கையில் இல்லை, அவள் கையில்தான் இருந்தது. ஆனால் பாதியை மட்டும் காட்டினால் அதுவும் அந்த அதிகாரி பேசிய நல்ல தமிழ்தானே. பத்தாவது வரியையும் படித்தாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அதிகாரிக்குத்தான் உடனே புரிந்தது. அவர் எழுந்து, "இதைத்தான் நம்பி இறங்கியிருக்கிறார்கள்" என்றார். "பயிற்சியில் நாங்கள் சொன்னதற்கு நேர் எதிராக, வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்."

கோட்டாட்சியர் கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னார். "தலைப்பு பதிவாகும். அதுக்கு நீங்க பதில் சொல்லணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பினார். "அந்தக் கடைசி வரிய எத வச்சி எழுதினீங்கம்மா?"

"மத்த ஒம்பதும் அவுங்க அனுபவிச்சிச் சொன்னது சார். கடைசி வரி நானா எழுதினது. எடம் மிச்சம் இருந்துச்சி. அதுக்கு மட்டும் நான் அளவு எடுக்கல."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாலதியின் கை அவள் கைக்கு வரவில்லை. மாலதி பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். செல்லாயி இருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே வந்தாள். அலுவலக வளாகத்தில் ஒரு புங்கமரம். செல்லாயி அதன் வேரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "பாப்பா கணக்கு சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு அப்பா தொட்டியில் இறங்கினார் என்பதை இதற்குள் அன்பரசிடம் கேட்டு வாங்கியிருப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெயராணிக்குத் தெரிந்தது.

அவள் அம்மாவைப் பார்த்து நடந்தாள். வேகமாகப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு முறை நடந்த அதே நடைதான் காலுக்கு வந்தது. செல்லாயி அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபதடி. பதினைந்து. ஏதாவது சொல்வாள், அடிக்கவாவது அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். பெற்றவள் அடிக்கிற அடிக்கு அன்றைக்கு அவள் ஏங்கிப்போயிருந்தாள். ஏழெட்டு அடி இருக்கும்போது செல்லாயி எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஜெயராணி நின்ற இடத்திலேயே நின்றாள். கை தானாகப் பைக்குள் போனது. அடியில் புளியங்கொட்டைகள் இன்னும் கிடந்தன. ஒன்றையும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தாள்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டின் எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில் அம்மாவின் முதுகு தெரிந்தது. ஓடிப்போய்க் காலில் விழலாம். விழுந்தால் அவள் இன்னும் தூரம் போய்விடுவாள். அசையாம உக்காந்திருக்கணும், அதுவா வரணும் என்று கைடு சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் புங்கமரத்தடிக்குப் போய், அம்மா உட்கார்ந்திருந்த அதே வேரில் உட்கார்ந்தாள். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

சிதம்பரம் வண்டி ஒன்று வந்து நின்று போனது. காலனி ஆட்கள் அதில் ஏறிப் போனார்கள். செல்லாயி ஏறவில்லை. இரண்டாவது வண்டியிலும் ஏறவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை.

மூன்றாவது வண்டியும் செல்லாயியை ஏற்றாமல் போனது. ஜெயராணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.